மழை பெய்தால் வெளியே போகும் பரமேஸ்வரி

உளவளத்துணைப் பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டீர்களாம். உங்கள் பொறுப்பதிகாரி தொலைபேசியில் சொன்னார். சந்தோஷம். "மெடம், புதுப் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க" என்றும் கேட்டார். நல்ல வார்த்தை நாலு என்னிடம் இல்லை. நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது, அதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளின் பதவி உயர்வை இனி யார் நிறுத்தப் போகிறார்கள்?

உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். பெரிய அதிர்ச்சி ஒன்றைக் கண்டவரிடம் "நடந்ததைச் சொல்லுங்கள்" என்று தோண்டித் துருவக் கூடாது. அது அவர் உடம்பில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இறுகின தோள், பாதியில் நிற்கும் மூச்சு, பொத்திய கை, இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக வைத்தால் மனமும் பின்னால் வரும். நானும் இதைத்தான் படித்தேன். கொழும்பில் ஐந்து நாள், குளிரூட்டிய மண்டபத்தில், பாய் விரித்துப் படுத்துக்கொண்டு படித்தேன். திரும்பி வரும்போது எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நான் பதுளை டவுனில் பிறந்தவள். வாப்பாவுக்குக் கடைவீதியில் புடைவைக் கடை. தீபாவளிக்குத் துணி எடுக்க வரும் தோட்டத்து ஆட்களைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததுதான் என் தோட்ட அனுபவம். தேயிலை மலையில் ஓர் அடி ஏறியது கிடையாது. அப்படிப்பட்ட என்னை நமுனுகுல பக்கம் ஒரு தோட்டத்துக்கு உளவளத்துணை செய்ய அனுப்பினார்கள். அங்கே ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு காலை நேரத்தில் மலை சரிந்து ஒரு லயம், அந்த வரிசை வீடுகள் முழுவதும், மண்ணுக்குள் போயிருந்தது. தப்பியவர்களுக்கு வேறு இடத்தில் புது வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியின் பின்னறையில் புதன்கிழமைகளில் நான் உட்காருவேன்.

பரமேஸ்வரி அங்கேதான் வந்தார். முப்பத்து நாலு வயது, கொழுந்து பறிப்பவர். கூடப் பிறந்த தங்கச்சி கௌரி அந்த மண்ணுக்குள் போய்விட்டார். புது வீட்டுக்கு வந்த பிறகு மழை விழுந்தால் போதும், பரமேஸ்வரி இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் போய் நிற்பார். மழை விடும்வரை நிற்பார். கணவர் சந்திரன்தான் என்னிடம் அனுப்பி வைத்திருந்தார்.

கதிரையின் நுனியில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அதைப் பார்த்தே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நானோ பயிற்சியில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"செருப்பைக் கழட்டிட்டு ரெண்டு காலையும் நல்லா தரையில வையுங்க. கண்ணை மூடுங்க. உங்களுக்குக் கீழ மண் இருக்கு. அது உங்களைத் தாங்குது. உங்க முழுப் பாரத்தையும் மண்ணுக்கிட்ட குடுங்க."

பரமேஸ்வரி கண்ணை மூடவில்லை. இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக் கதிரை மேல் வைத்துக்கொண்டார்.

"எந்த மண்ணு மிஸ்?" என்றார்.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று கொழும்பில் யாரும் சொல்லித் தரவில்லை. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, விரல் நுனியில் எட்டி எட்டி நடந்து வெளியே போய்விட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஒத்துழைப்புக் குறைவு" என்று கோப்பில் எழுதினேன். பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில், ரோட்டோரம் சரிந்து கிடந்த மண் மேட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. மண்ணே விழுங்கிய குடும்பத்தில் ஒருத்தியிடம் போய், மண் உன்னைத் தாங்கும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஜன்னலிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று வாரம் பரமேஸ்வரி வரவில்லை. நாலாவது வாரம் சந்திரன் வந்தார். ஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பக்கம் வேலை செய்பவர், நிதானமான மனுஷன், சத்தமாக ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"ஒரு கடுதாசி வேணும் மிஸ். அம்மாவுக்கு மனசு சரியில்லன்னு. பிள்ளைங்கள கொழும்புப் பக்கம் வத்தளையில எங்க அக்காகிட்ட விடப் போறேன். அங்க ஸ்கூல்ல சேக்கறதுக்குக் கேப்பாங்க."

"பரமேஸ்வரி என்ன சொல்றாங்க?"

"அவ என்ன சொல்லுவா? அழுவுறா. எனக்கு மட்டும் பிரிக்க ஆசையா மிஸ்? மழையில நிக்க வச்சு சின்னவனுக்கு ரெண்டு தரம் நெஞ்சுச்சளி. பதுளை ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். பெரியவ தர்ஷினிக்கு பன்னெண்டு வயசு, ஸ்கூலுக்குப் போனா தூங்கி விழுறாளாம். இனி மழைக்காலம் வேற."

எழுதிக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. முத்திரையும் மேசையில் இருந்தது. அவர் கேட்டதிலும் அநியாயம் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் என் பிழையின் மேல் எழுதப்படும் கடிதம் என்று எனக்குத் தெரியும். ஒரு தாயிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கும் தாளில் கையெழுத்துப் போடுமுன் அவரை நான் சரியாக ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டாமா?

"தீபாவளி வரைக்கும் எனக்குத் தவணை தாங்க சந்திரன்," என்றேன்.

"சரி மிஸ். தீபாவளிக்கு அக்கா வரும். அப்ப கூட்டிட்டுப் போயிரும்" என்றார்.

அடுத்த நாளே மலைக்குப் போனேன். தேயிலைக் காட்டை அவர்கள் மலை என்றுதான் சொல்வார்கள். வைத்தியம் பார்க்க அல்ல, மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கங்காணி என் செருப்பைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். பத்து அடி ஏறுவதற்குள் இரண்டு தரம் வழுக்கினேன். மூன்றாவது தரம் உட்கார்ந்தே விட்டேன். மேலேயிருந்து பெண்களின் சிரிப்பு.

"மிஸ் கொழுந்து பறிக்க வந்தாங்களா, உருண்டு போக வந்தாங்களா?"

"யாராச்சும் மிஸ்ஸக் கூடையில போட்டு தூக்கிட்டு வாங்கடி!"

ஒரு கை என் முழங்கையைப் பிடித்துத் தூக்கியது. பரமேஸ்வரி. "காலையே பாக்காதீங்க மிஸ். செடித் தூரு பக்கமா மிதிங்க. வெறும் மண்ணு வழுக்கும். வேரு இருக்கிற இடம் வழுக்காது."

நான் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு நான் சொன்னது பெரிய பிழை பரமேஸ்வரி." அவர் என் உடுப்பில் இருந்த சேற்றைத் தட்டிவிட்டார். அப்போது தூறல் விழுந்தது. இப்போது இவர் ஓடப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ தலையில் கிடந்த பொலித்தீனை இழுத்துவிட்டுக்கொண்டு கொழுந்தை ஆய்ந்துகொண்டிருந்தார். கழுத்து இலேசாக இருந்தது, மூச்சு சீராகப் போனது. பக்கத்து நிரைப் பெண்ணுடன் ஏதோ கல்யாண வீட்டுக் கதை வேறு. கால் வைக்க இடமில்லாத சரிவில், மழையில், இதே பெண்.

"இங்க மழைக்குப் பயம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இங்க என்ன மிஸ் பயம்? கண்ணு தொறந்திருக்கு, காது கேக்குது. மலை மொனங்குனா மொதல்ல எங்களுக்குத்தானே கேக்கும்."

"அப்போ வீட்டில?"

பறித்துக்கொண்டிருந்த கை நின்றது. "வீட்டுல தகரம் மிஸ்," என்றார். அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டார்.

அவர் என்ன சொன்னார் என்று விளங்க நான் அந்த வீட்டில் மழையில் உட்கார வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு பின்னேரம் போனேன். மழை பிடித்ததும் கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவதை வாயசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. பரமேஸ்வரியின் முகம் வெளிறிப்போய், தோள் காதுவரை ஏறியது. பிள்ளைகளைப் பிடித்தார், வெளியே நடந்தார். நான் தடுக்கவில்லை, குடையோடு பின்னால் போனேன். ரோட்டுக்கு வந்ததும் அந்தத் தகரச் சத்தம் பின்னால் போய்விட்டது. ரோட்டோரக் கானில், அந்த வடிகாலில், ஓடும் தண்ணீர் கேட்டது. தூரத்தில் ஓடை கேட்டது. பக்கத்து லயத்து நாய் குரைப்பது கேட்டது. பரமேஸ்வரி மலைப்பக்கம் தலையைச் சாய்த்து நின்றார்.

அங்கே நின்றுதான் சொன்னார். நான் கேட்கவில்லை.

"கௌரிக்கு அன்னைக்குக் காய்ச்சல். 'அக்கா, என்னமோ சத்தம் கேக்குது'ன்னு அவ சொன்னா. 'தகரத்துல மழைதான்டி, படுத்துக்க'ன்னு சொன்னேன். சொல்லிட்டு சின்னவன தூக்கிட்டு, வேலைக்குப் போறவங்க பிள்ளைய விடுற பிள்ளைக்காம்பராவுல விடப் போனேன். திரும்பிப் பாக்குறேன், லயத்தக் காணல மிஸ்."

எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஒரு நிமிடம் நானும் அந்த மலையைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். இவர் ஓடுகிறார் என்று கணவர் நினைத்தார், நானும் நினைத்தேன். இவர் ஓடவே இல்லை. அன்றைக்குக் கேட்காமல் போன சத்தத்தைக் கேட்கத்தான் ஒவ்வொரு மழைக்கும் வெளியே போனார். அந்த உடம்பு தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அதற்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அதன் பிறகு முதல் காரியமாக, அந்த வீடுகள் இருக்கும் இடம் பாதுகாப்பானதா என்று அதற்குப் பொறுப்பான அதிகாரிகளைப் பிடித்துக் கேட்டேன். ஆபத்தான இடத்தில் இருப்பவரின் பயத்தைத் தயவுசெய்து ஆற்றப் போகாதீர்கள், அது பாவம். இடம் பரவாயில்லை என்றார்கள். எந்தெந்த அறிகுறி தெரிந்தால் உடனே வெளியேற வேண்டும் என்றும் பரமேஸ்வரிக்கு நேரில் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். கானில் தண்ணீர் கலங்குவது, ஓடை திடீரென்று வற்றுவது, சுவரில் புது வெடிப்பு.

பிறகு எங்கள் வேலை. வெளியே போகாதே என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. பிள்ளைகளை இஸ்தோப்பில், அந்த வாசல் திண்ணையில், நனையாமல் உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் போய்ப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், திரும்பி வந்து பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். போவது இலேசாக இருந்தது. திரும்புவதுதான் பாடு. மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் கழுத்து பூட்டிக்கொள்ளும், முழங்கால் இறுகும். முதலில் வெயில் நாளில் பழகினோம். ஐந்து அடி நடப்பார், நிற்பார், தோள் எங்கே இருக்கிறது என்று தானே பார்ப்பார், மூச்சு இறங்கிய பிறகு அடுத்த ஐந்து அடி. முப்பது அடி தூரத்துக்கு ஒரு நாள் நாற்பது நிமிடம் போனது. சந்திரன் இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆறாவது வாரம் தூறலில் போய்த் திரும்பினார். "கேட்டாச்சும்மா?" என்று தர்ஷினி கேட்க, "கேட்டாச்சு. தண்ணி தெளிவா ஓடுது" என்றார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்து மழை. அக்கா அடுத்த நாள் காலையில் வருவதாக இருந்தது. பிள்ளைகளின் பை கட்டிலில் தயாராக இருந்தது. இன்றைக்கு நானும் இருந்து பார்க்கிறேன் என்று சந்திரனிடம் சொல்லி அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பரமேஸ்வரி வெளியே போனார். வழக்கத்தைவிடக் கூட நேரம் எடுத்தது.

வந்தார். வாசலில் நின்று சொன்னார். "கான்ல தண்ணி கலங்கி செவப்பா வருது. எல்லாரும் கெளம்புங்க. கோயில் மண்டபத்துக்குப் போவோம்."

சந்திரன் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா மிஸ்? மறுபடி ஆரம்பிச்சிட்டா. நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பா."

இருங்கள் என்று நான் சொல்லி மலை வந்துவிட்டால்? போவோம் என்று சொல்லி ஒன்றும் ஆகாமல் போனால், ஆறு வாரம் பட்ட பாடு வீண், பிள்ளைகள் நாளைக்கு வத்தளைக்கு. கையேட்டில் இதற்கு ஒரு வரியும் கிடையாது. நான் பரமேஸ்வரியைப் பார்த்தேன். தோள் இறங்கியிருந்தது. பிள்ளைகளை இழுக்கவில்லை. "ஸ்கூல் புத்தகத்த எடுத்துக்க தர்ஷினி, அடுப்ப அணச்சிட்டு வா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பயந்தவரின் உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்கு அதற்குள் தெரியும், அது இப்படி இராது.

நான் எழும்பிச் சப்பாத்தைப் போட்டேன். "எழும்புங்க சந்திரன், போவம்," என்றேன்.

பரமேஸ்வரி அடுத்த வீடுகளின் கதவையும் தட்டினார். ஏழெட்டுக் குடும்பங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்டோம். அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னோம். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தார்கள். மேலே ரோட்டோரத் திட்டில் கொஞ்சம் மண் சரிந்து கானுக்குள் விழுந்திருந்தது. அவ்வளவுதான், மலைக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது, தூறலும் இருந்தது.

"நல்லா நனைய வச்ச பரமு! பலகாரத்துக்கு மாவு அப்படியே கெடக்கு" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

"நனைஞ்சது காயும்டி," என்றார் பரமேஸ்வரி. பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றார். மழை பெய்யும்போது வீட்டுக்குப் போவோம் என்று அந்த வாயிலிருந்து வந்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எல்லாரும் எழும்பினோம். சந்திரன் மட்டும் எழும்பவில்லை. தூணில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தார். கோபம் போல என்று நினைத்தேன்.

"நீங்க போங்க. நான் அப்பறமா வாறேன்," என்றார். தர்ஷினி போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் பயந்து பின்வாங்கியபோதுதான் அவர் நடுங்குவதை நாங்கள் பார்த்தோம். பல்லெல்லாம் கிட்டிப் போயிருந்தது.

"முடியல பரமு. காலு வரல." பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "மூணு நாள் தோண்டுனேன். கௌரிய நான்தான் எடுத்தேன். எடுத்த கை இன்னும் அப்படியே இருக்கு. பிள்ளைங்கள அனுப்பப் பாத்தது ஒனக்காக இல்ல. இந்த மலைக்குக் கீழ அதுங்க தூங்குறத என்னால பாக்க முடியல. ஒன் மேல பழியப் போட்டுட்டேன்."

நான் அந்த மனுஷனை எத்தனை தடவை சந்தித்திருக்கிறேன்! "துணைவரின் ஒத்துழைப்பு நன்று" என்று கோப்பில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தூங்குகிறீர்களா என்று ஒரு தடவை கேட்கவில்லை. சத்தம் போடாமல், வேலைக்கும் போய்க்கொண்டு, நாலு வார்த்தை நிதானமாகப் பேசுகிறவர் நலமாகத்தான் இருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த மண்டபத்தில் என்னை நினைத்து எனக்கே ஆத்திரமாக வந்தது.

பழக்க தோஷத்தில் அவர் பக்கம் போக ஓர் அடி வைத்தேன். பிறகு நின்றுவிட்டேன். பரமேஸ்வரி ஏற்கனவே அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். தொடைக்குக் கீழே இருந்த கையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவசரமில்லங்க," என்றார். "என்னையே பாத்துக்கிட்டு இருங்க. நடுங்குனா நடுங்கட்டும். நீங்க எந்திரிக்கிற வரைக்கும் நான் எங்கயும் போகல."

சின்னவன் வந்து அப்பாவின் காலில் தலை வைத்துப் படுத்தான். மற்றக் குடும்பங்கள் போய்விட்டன. நான் வாசலில் இருந்த செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று மணி பார்க்கவில்லை. நடுக்கம் குறைந்து, சந்திரன் ஒரு தரம் பெரிதாக மூச்சு விட்டார், பிறகு சத்தம் போட்டு அழுதார். அதுவும் முடிந்த பிறகு நாலு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

அடுத்த நாள் அக்கா வந்து, தீபாவளிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, தனியாகவே வத்தளைக்குப் பஸ் ஏறினார். பரமேஸ்வரி அதன் பிறகும் மழைக்கு வெளியே போகத்தான் செய்தார், இப்போதும் போவார் என்று நினைக்கிறேன். போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்வார்.

தீபாவளி முடிந்து வந்த புதன்கிழமை, டிஸ்பென்சரியின் வாங்குப் பலகையில் வழக்கம்போலப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், சுவரோரமாக, வேலை உடுப்போடு சந்திரன் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் போகும்வரை நின்றார். கடைசியாகக் கதவடியில் வந்து, உள்ளே வராமல், என் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

"ஆம்பளைங்களையும் பாப்பீங்களா மிஸ்?"